ஜூக்பாக்ஸ் ரெக்கார்டைக் கடிக்கிறதா? காயத்தைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பழைய ஜூக்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெக்கார்டு பாழாகுது, ஊசியை மாத்தியாச்சு, அப்பவும் பாழாகுது." ஊசி குற்றவாளியாக இருக்கும் இயந்திரங்களும் உண்டு. ஆனால் ஒரே ஒரு பாட்டுக்காக இயந்திரம் அந்த ரெக்கார்டை விளிம்பில் பிடிக்கிறது, தூக்குகிறது, திருப்புகிறது, நடு ஓட்டையில் குமிழை நுழைக்கிறது, லேபிளை அழுத்துகிறது, பிறகு எடுத்துக்கொண்டுபோய் இருந்த இடத்தில் செருகுகிறது. ஊசி தொடுவது பள்ளத்தை மட்டும்தான். மற்ற இடமெல்லாம் இரும்பும் ரப்பரும் தொட்ட இடம்.

அதனால் நான் பெட்டியைத் திறப்பதற்கு முன் நாலைந்து ரெக்கார்டுகளை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். காயம் விளிம்பிலா, ஓட்டையிலா, லேபிளிலா, பள்ளத்தின் குறுக்கேயா, பள்ளத்துக்குள்ளேயா? அது தெரிந்தால் எந்த ஸ்க்ரூ என்பது பாதி தெரிந்த மாதிரி. கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

உங்களுடையது எந்த வகை?

மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மீதி எல்லாம் இவற்றின் பங்காளிகள்.

ஒன்று, டிரே வெளியே வரும் வகை. 1946-இல் வந்த வுர்லிட்சர் 1015 இதில் பேர்போனது. பால் ஃபுல்லர் வடிவமைத்தது, விளிம்பெல்லாம் குமிழி ஓடும் வண்ணக் குழாய்கள். 24 ரெக்கார்டு, 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று), ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் பாடும். ரெக்கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளைய டிரேக்களில் படுத்திருக்கும். கேட்ட டிரே பக்கவாட்டில் வெளியே வரும். கீழிருந்து டர்ன்டேபிள் எழும்பி, வளையத்தின் நடுவே புகுந்து, ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஊசிவரைக்கும் போகும்.

இரண்டு, சிகாகோவின் சீபர்க் கம்பெனி செய்த செலக்ட்-ஓ-மேட்டிக். 1948-இல் வந்த எம்100ஏ, 50 ரெக்கார்டுகளின் இரண்டு பக்கங்களையும் பாடி 100 பாட்டு கொடுத்தது. ஆர்.சி.ஏ. விக்டர் 1949-இல் 45 வேக ரெக்கார்டைக் கொண்டுவந்ததும், அடுத்த ஆண்டே எம்100பி அதற்கு மாறியது. இதில் ரெக்கார்டுகள் அலமாரிப் புத்தகம் மாதிரி நின்றபடி இருக்கும். ஒரு வண்டி தண்டவாளத்தில் ஓடிப்போய் உரிய ரெக்கார்டின் முன் நிற்கும். கீழிருந்து ஒரு கை அதை மேலே தள்ளும், ஒரு கிளாம்ப் அழுத்திப் பிடிக்கும். நின்றபடியே சுழன்று பாடும்.

மூன்று, பிடிகை வகை. சக்கரம் மாதிரி ஒரு கூட்டில் ரெக்கார்டுகள் செருகியிருக்கும். ஒரு பிடிகை விளிம்பைக் கவ்வி எடுத்து, டர்ன்டேபிள் மேல் வைத்துவிட்டு விலகும். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ராக்-ஓலாக்கள் இந்த வழி. ரெக்கார்டைக் கடிப்பதில் இந்தக் குடும்பத்துக்கே முதலிடம் தருவேன். காரணம், மற்ற இரண்டும் ரெக்கார்டைத் தாங்குகின்றன, இது கவ்வுகிறது.

எதையும் திருகுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். வால்வ் ஆம்ப்ளிஃபயரில் உள்ள கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நூறு வோல்ட்டை வைத்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் கை போகவேண்டிய வேலை இதில் இல்லை, போகாதீர்கள்.

பிறகு ஒரு முழுச் சுற்றைக் கையால் ஓட்டுங்கள். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் திருகுப்பல் (வார்ம் கியர்) இருக்கிறது. பெரிய பல்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் ஓடாது, பலமாகத் திருப்பினால் பல் போகும். மோட்டார் தண்டைத்தான் விரலால் சுற்ற வேண்டும். ரெக்கார்டை எடுத்து, வைத்து, திருப்பிச் செருகும்வரை நிறையச் சுற்றுகள். அலுப்பான வேலைதான். ஆனால் மோட்டார் ஓட்டும்போது கண்ணில் படாமல் போகும் ஒவ்வொரு உரசலும் இதில் விரலுக்கே தெரியும். எந்த இடத்தில் கை கனக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கனப்பதற்குக் காரணம் பத்தில் எட்டு இடத்தில் கிரீஸ்தான். அறுபது எழுபது வருஷத்தில் அது மெழுகாகி, பிறகு அரக்காகிவிடும். கேமின் (அசைவுகளைத் தள்ளிவிடும் மேடுபள்ளமான சுழல்தட்டின்) மேல் ஓடவேண்டிய உருளை ஓடாமல் வழுக்கும். ஸ்பிரிங்கால் திரும்பவேண்டிய கை பாதியில் நின்று யோசிக்கும். இந்த நிலையில் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டைத் தொட்டாலும் நீங்கள் சரிசெய்வது பழைய கிரீஸுக்கு ஏற்ற அளவை. கிரீஸை எடுத்ததும் எல்லாம் மறுபடி மாறிவிடும்.

இதை நான் புத்தியால் கற்கவில்லை. முதன்முதலாகக் கைவைத்த இயந்திரத்தில் பிடிகை ரெக்கார்டை நழுவவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு வளைவை வெட்டிச் சுருக்கிப் போட்டேன். நழுவல் நின்றது. இரண்டு வாரம் கழித்துக் கிரீஸைச் சுத்தம் செய்தேன். அன்று மாலையே ஒரு ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) ரெக்கார்டு விளிம்பில் அரைவட்டமாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. ஸ்பிரிங்கில் குறையே இருந்திருக்கவில்லை. கவ்வும் தாடையின் மூட்டு இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயோ பெயின்ட் தின்னர் வகையில் மென்மையானதோ போதும். ரப்பர் மேல் அவை படக்கூடாது. ரப்பருக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி. அதே துணியை 78 ரெக்கார்டு பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அது ஷெல்லாக்கில் ஆனது. ஷெல்லாக் அரக்கு வகை, ஆல்கஹாலில் கரைந்துவிடும். தண்டுகள் சுழலும் வெண்கலப் புஷ்களில் பல, எண்ணெயைத் தன்னுள் உறிஞ்சி வைத்திருக்கும் துளைத் தன்மை கொண்டவை. அவற்றைக் கழுவினால் உள்ளிருக்கும் எண்ணெயும் போய்விடும். கழுவிய பிறகு மெல்லிய டர்பைன் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள். சின்ன மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆறே மாதத்தில் பிசினாகும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் மூட்டில் எண்ணெயே வேண்டாம்.

சோதனைக்கு, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய நாலு ரெக்கார்டுகளை ஒதுக்கி வையுங்கள். அவற்றில் ஒன்றாவது லேசாக வளைந்ததாகவும், ஒன்றாவது மெல்லியதாகவும் இருக்கட்டும். நேரான, கனமான ரெக்கார்டுக்கு மட்டும் சரிசெய்தால், மற்றவை மாட்டிக்கொள்ளும்.

விளிம்பு பொரிந்திருக்கிறது, சில்லு பெயர்ந்திருக்கிறது

பிடிகை வகையில் இது வந்தால் முதலில் பாருங்கள்: சில்லு ஒரே ஒரு ரெக்கார்டில் மட்டுமா, பல ரெக்கார்டுகளிலுமா? ரெக்கார்டு ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் நின்றுவிடுவதால், அடிக்கடி பாடும் ரெக்கார்டில் காயம் சுற்றிலும் பரவியிருக்கும். அப்படியென்றால் தாடை ஒவ்வொரு முறையும் கடிக்கிறது. ஒரே ரெக்கார்டில் மட்டும் இருந்தால் அந்தக் கூட்டு அறையைப் பாருங்கள், தகடு வளைந்திருக்கும்.

தாடை கடிப்பதற்கு வழக்கமான கதை இது. தாடையில் ஒட்டிய ரப்பர் துண்டு காலத்தில் கல்லாகிறது. கல்லானதால் வழுக்குகிறது. வழுக்குகிறது என்று யாரோ ஒருவர் ஸ்பிரிங்கை இறுக்குகிறார். இறுகிய ஸ்பிரிங், கல் போன்ற ரப்பர், இடையில் ரெக்கார்டு. ஆகவே வரிசையைப் பின்னாலிருந்து பிடியுங்கள். முதலில் ரப்பரை மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் அதே கனத்தில் மென்மையான நைட்ரைல் ரப்பரை வெட்டி ஒட்டலாம், சைக்கிள் டியூப் கனம் போதாது. பிறகு ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொண்டே வந்து, கையால் லேசாக இழுத்தால் ரெக்கார்டு அசையாமலும், கொஞ்சம் பலமாக இழுத்தால் வழுக்கியும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிடிப்புக்கு வேண்டியது அவ்வளவுதான். ரெக்கார்டின் எடை 40 கிராம் அளவில்தான் இருக்கும்.

இரண்டு பக்கப் பிடியும் சமமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. செய்தித்தாளில் விரல் அகலத் துண்டுகள் இரண்டு கிழித்து, ஒவ்வொரு தாடைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒன்று வையுங்கள். பிடிகை மூடிய பிறகு இரண்டையும் ஒவ்வொன்றாக உருவுங்கள். ஒன்று சுலபமாக வந்து மற்றொன்று கிழிந்தால் பிடிகை ரெக்கார்டுக்கு நடுவில் இல்லை. ஒரு பக்கம் முதலில் தொட்டு, ரெக்கார்டை மறுபக்கம் தள்ளிவிட்டுத்தான் கவ்வுகிறது. அந்தத் தள்ளல்தான் சில்லைப் பெயர்க்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பிடிகையை நகர்த்த வேண்டாம். கூடு சரியான இடத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கரக் கூடு ஒவ்வொரு அறையிலும் நிற்க ஒரு கொக்கி இருக்கும். அது தேய்ந்தால் கூடு அரை மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நிற்கும். கொக்கி விழுந்த பிறகு கூட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கொக்கிதான் நோயாளி. அதை விட்டுவிட்டுப் பிடிகையை நகர்த்தினால் பத்தாம் எண்ணுக்குச் சரியாகும், அறுபதாம் எண்ணுக்குக் கெட்டுப்போகும். எப்போதும் கூட்டின் எதிரெதிரான நாலு இடங்களில் சோதியுங்கள்.

சீபர்க்கில் விளிம்புச் சில்லு குறைவு. வந்தால், தள்ளும் கை உயரும்போது ரெக்கார்டு கைக்கு நேராக இல்லை என்று பொருள். வண்டி நிற்கும் இடத்தைச் சரிபாருங்கள். கையின் விளிம்பில் ஏதாவது பிசிறு இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நைசான உப்புத்தாள் கொண்டு மழமழவென்று தேய்த்துவிடலாம்.

விளிம்புக்குச் சற்று உள்ளே, வில் போன்ற கீறல்

கீறல் ஒரு பக்கத்தில் மட்டும், வளைந்து, பளபளப்பாக இருந்தால், ரெக்கார்டு கூட்டிலிருந்து வெளியேறும்போது அறையின் சுவரில் உரசுகிறது. மேலே சொன்ன கொக்கிச் சோதனையே இதற்கும். கூடு சரியாக நின்றும் உரசினால் மட்டும், பிடிகையின் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் தொடலாம். கால் திருப்பு, சோதனை, கால் திருப்பு. வளைந்த ரெக்கார்டு எந்தக் கூட்டிலும் உரசும். அதற்காக இயந்திரத்தைத் திருகாதீர்கள், அந்த ரெக்கார்டை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நடு ஓட்டை வெளுத்து, பிய்ந்து, அகன்றிருக்கிறது

45 ரெக்கார்டின் பெரிய ஓட்டைக்கு 38 மி.மீ. விட்டம். அதில் நுழையும் குமிழ் கொஞ்சமே சின்னது. பிடிகை ரெக்கார்டைக் கொண்டுவந்து இறக்கும்போது நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஓட்டையின் விளிம்பு குமிழின் தோளில் உட்காரும், பிறகு சரிந்து விழும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சரிவு. ஐம்பது பாட்டில் விளிம்பு வெளுத்துவிடும்.

சோதனை ரெக்கார்டைப் பிடிகையில் விட்டு, கையால் சுற்றி, குமிழ் ஓட்டையில் நுழையும் அந்த நொடியில் நிறுத்துங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி நின்றால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடிகை முன்னே பின்னே போகும் அளவுக்கு ஒரு நிறுத்த ஸ்க்ரூவும், சுழலும் கோணத்துக்கு இன்னொன்றும் இருப்பது வழக்கம். எது எதை மாற்றுகிறது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் திருகாதீர்கள். திருகுவதற்கு முன் நகப்பூச்சால் ஸ்க்ரூ தலையிலும் பக்கத்திலும் ஒரு கோடு போட்டுவையுங்கள். வீடு திரும்ப வழி வேண்டாமா?

இரண்டு பக்கமும் பாடும் இயந்திரத்தில் இந்தச் சோதனையை இரண்டு பக்கத்துக்கும் செய்ய வேண்டும். ஏ பக்கம் சரியாக இறங்கி, பி பக்கம் தோளில் உட்கார்ந்தால், பிடிகை இரு பக்கமும் ஒரே அளவு திரும்பவில்லை.

டிரே வகையில் கதை வேறு. 78 ரெக்கார்டின் ஓட்டை சுமார் 7 மி.மீ.தான். டர்ன்டேபிள் எழும்பும்போது டிரே நடுவில் நிற்காவிட்டால் நடுத்தண்டு ஷெல்லாக்கை அராவும், ஓட்டை நீள்வட்டமாகும். பெரும்பாலும் ஒரே ஒரு டிரே வளைந்திருக்கும். நல்லாயிருக்கும் பக்கத்து டிரேயோடு ஒப்பிட்டு, கையால் மெதுவாக நிமிர்த்தலாம். சுத்தியல் எடுப்பவர்களை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

நம் ஊர் ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வந்த தமிழ்த் திரைப்பாட்டு இ.பி.க்கள் 45 வேகம்தான், 7 அங்குலம்தான், ஆனால் ஓட்டை சிறியது. அமெரிக்க ஜூக்பாக்ஸின் குமிழ் அதில் நுழையாது. பிரிட்டிஷ் சிங்கிள்களில் நடுப்பகுதியைத் தட்டி எடுக்கும்படி வார்த்தது ஜூக்பாக்ஸுக்காகத்தான். அப்படி வராத இ.பி.யை அறுத்துப் பெரிதாக்கும் கருவிகள் கிடைக்கின்றன. அறுப்பது அரை மில்லிமீட்டர் விலகினால் பாட்டு முழுவதும் சுருதி ஆடும், அறுத்ததை ஒட்டவும் முடியாது. இரண்டு பிரதி வைத்திருந்தாலன்றி நான் செய்யமாட்டேன். தவிர, ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டு இருப்பதால் இயந்திரம் இரண்டையும் பாடிவிட்டுத்தான் நிற்கும்.

லேபிளில் வட்டமான தேய்மானம்

கிளாம்ப் அழுத்தம் குறைந்து ரெக்கார்டு வழுக்குகிறது. அல்லது அழுத்தும் தட்டில் உள்ள ஃபெல்ட் (கம்பளித் துணி) தேய்ந்து இரும்பு வெளியே வந்துவிட்டது. பாட்டின் தொடக்கத்தில் சுருதி ஒரு நொடி இழுத்து ஏறினால் சந்தேகமே வேண்டாம். ஃபெல்ட்டை மாற்றுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். ஸ்பிரிங் கடைசியில்.

பள்ளங்களின் குறுக்கே நேர்க்கீறல்

பார்த்தவுடன் வயிறு எரியும் காயம் இதுதான். ஒலியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்". கீறல் விளிம்பிலிருந்து உள்நோக்கியா, உள்ளிருந்து வெளியேயா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

உள்ளிருந்து வெளியே வந்திருந்தால், பாட்டு முடிந்து டோன் ஆர்ம் திரும்பும்போது ஊசி போதுமான அளவு தூக்கப்படவில்லை. முதலில் தூக்கிவிட்டுப் பிறகு பக்கவாட்டில் நகர வேண்டும். கையால் சுற்றும்போது இந்த இரண்டு அசைவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஊசி ரெக்கார்டை விட்டு எழும்பும் முன்பே ஆர்ம் நகரத் தொடங்கினால், தூக்கும் நெம்புகோலின் உயர ஸ்க்ரூ இறங்கியிருக்கிறது. அல்லது கேமின் மேல் ஓடும் உருளை தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. தட்டையான உருளையை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை ஏற்றினால் ஒரு மாதம் தாங்கும்.

முழு உயரத்தில் ஊசிக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே ஒரு பென்சில் தாராளமாகப் போய்வர வேண்டும். வளைந்த ரெக்கார்டு சுழலும்போது எழும்புவதையும் கணக்கில் எடுங்கள். மிக அதிகமாகத் தூக்கினாலும் ஆபத்து. சில இயந்திரங்களில் ஆர்ம் மேலே உள்ள சட்டத்தில் இடித்து, ஊசி பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் அதிர்ந்து ஊசி வளையும்.

வெளியிலிருந்து உள்ளே போயிருந்தால், இறங்கும்போது ஆர்முக்கு இன்னும் பக்கவாட்டு வேகம் இருக்கிறது. ஆர்மின் ஒயர்களைப் பாருங்கள். பழைய ஒயரின் உறை விறைத்து, ஸ்பிரிங் மாதிரி ஆர்மை உள்ளே தள்ளும். பலர் ஆர்ம் மூட்டைப் பிரித்து மேய்ந்த பிறகுதான் இதைக் கவனிப்பார்கள். மெல்லிய, பலஇழை ஒயராக மாற்றி, மூட்டருகே ஒரு தளர்வான சுருள் விடுங்கள்.

மூன்றாவது ஒரு வாய்ப்பு உண்டு. பிடிகை வகையில், ஆர்ம் இன்னும் ஓய்விடத்துக்குப் போகாத நேரத்தில் பிடிகை ரெக்கார்டைத் தூக்க வந்தால், ஊசி ரெக்கார்டின் குறுக்கே கோடு போடும். இது கேம்கள் ஒன்றுக்கொன்று விலகியதால் வருவது. யாரோ கியர்பாக்ஸைப் பிரித்துப் பல்லை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த மாடலின் சர்வீஸ் மானுவலில் உள்ள நேரக்குறிகள் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். ஊகம் இங்கே ஊசியைத் தின்னும்.

ஊசி விளிம்புக்கு வெளியே விழுகிறது, அல்லது பாட்டின் முதல் சொல்லை விழுங்குகிறது

7 அங்குல ரெக்கார்டின் உண்மையான விட்டம் சுமார் 175 மி.மீ. பாட்டு தொடங்கும் பள்ளத்துக்கும் விளிம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடம். ஊசி விளிம்பிலிருந்து சுமார் 2 மி.மீ. உள்ளே இறங்கினால் நிம்மதி. இந்த ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பத்து முறை இறக்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் எங்கே இறங்குகிறது என்று குறியுங்கள். பத்தும் ஒரே இடத்தில் தப்பாக விழுந்தால் ஸ்க்ரூவைத் திருகலாம். பத்தும் பத்து இடத்தில் விழுந்தால் ஸ்க்ரூவுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆர்ம் மூட்டில் ஆட்டம், அல்லது பெட்டி சமமாக நிற்கவில்லை. ரசமட்டத்தை டர்ன்டேபிள் மேல் வையுங்கள், பெட்டியின் மேல் அல்ல. மரப்பெட்டி அத்தனை வருஷத்தில் கோணியிருக்கும்.

கீறலே இல்லை, ஆனால் ரெக்கார்டு சாம்பல் பூத்து இரைகிறது

இப்போதுதான் ஊசி கூண்டில் ஏறுகிறது. சஃபையர் முனை சில பத்து மணி நேரத்தில் தேயும், வைரம் சில நூறு மணி தாங்கும். தேய்ந்த முனை உளிதான். அமெரிக்க 45-களில் கணிசமானவை வினைல் அல்ல, ஸ்டைரீன். அது தேய்ந்த ஊசிக்கு இரண்டு மூன்று முறையிலேயே சாம்பல் பூக்கும். ஸ்டைரீன் ரெக்கார்டை மேசையில் தட்டினால் பிளாஸ்டிக் டப்பா மாதிரிச் சத்தம் வரும், வினைல் மந்தமாகச் சொல்லும்.

முனையின் பருமனையும் பாருங்கள். 78-க்கு 65 முதல் 75 மைக்ரான், மோனோ 45-க்கு 25, ஸ்டீரியோவுக்கு 18. இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. 1950-களின் தொடக்கத்து மோனோ கார்ட்ரிட்ஜ்களில் ஊசி பக்கவாட்டில்தான் அசையும், மேலும் கீழும் அசையாது. ஸ்டீரியோ ரெக்கார்டுகள் சந்தைக்கு வந்தது 1958 வாக்கில். அவற்றின் பள்ளம் மேலும் கீழுமாகவும் அலையும். அசையாத ஊசி அந்த அலையை மழித்துக்கொண்டு போகும். ஆகவே 1952 இயந்திரத்தில் 1970 ரெக்கார்டைப் போடுகிறவர், கார்ட்ரிட்ஜை மாற்றாமல் எடையை மட்டும் குறைத்துப் பயனில்லை.

ஊசி எடை. பல மேக்னட்டிக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 3 முதல் 5 கிராம், செராமிக் வகைக்கு அதைவிடக் கூட. கடைசி வார்த்தை உங்கள் கார்ட்ரிட்ஜின் தாளில் இருப்பது. குறைவு நல்லது என்று ஒரு கிராமுக்கு இறக்கினால் ஊசி பள்ளத்தில் நிற்காமல் இரு சுவரையும் மோதும். சரியான எடையைவிட அது செய்யும் சேதம் அதிகம். தாவுகிறது என்று தலைமேல் நாணயத்தை ஒட்டுவது இன்னொரு கோடி. தாவலுக்கு இறுகிய மூட்டையோ விறைத்த ஒயரையோ முதலில் தேடுங்கள்.

சீபர்க் போல நின்றபடி பாடும் இயந்திரத்தில் எடை என்ற சொல்லே பொருந்தாது. அங்கே ஊசியை ரெக்கார்டோடு சேர்ப்பது ஸ்பிரிங். கடையில் விற்கும் சிறிய டிஜிட்டல் தராசு இங்கே உதவாது, முள் காட்டும் ஸ்பிரிங் இழுவைமானி வேண்டும். ஊசி முனைக்குப் பக்கத்தில் கொக்கி போட்டு, ஊசி ரெக்கார்டை விட்டு விலகும் அந்த நொடியில் முள்ளைப் படியுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. பல சீபர்க் மாடல்களில் ஒரே தலையில் இருபுறமும் இரண்டு ஊசிகள். எல்லா ரெக்கார்டுகளிலும் இடப்பக்கம் சுத்தமாகவும் வலப்பக்கம் கரகரவென்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு பக்க ஸ்பிரிங் கூடியிருக்கிறது.

1015 போன்றவற்றின் மூல ஆர்ம்கள் மிகக் கனமானவை. அரிய 78 ரெக்கார்டை அதில் தினமும் ஓட்டக் கூடாது. ஷெல்லாக்கில் அரைப்புப்பொடி கலந்திருப்பது அந்தக் கனத்தைத் தாங்கத்தான். வினைலில் மறுபதிப்பான 78 அந்த ஆர்முக்கு அல்வா.

கடைசி நாலு வட்டங்கள் மட்டும் கரகரப்பு

பாட்டு முடிந்ததும் ஊசி வேகமாக உள்ளே போய் ஒரு நெம்புகோலைத் தள்ளும், அல்லது ஒரு தொடுமுனையை மூடும். அப்போதுதான் ரெக்கார்டைத் திருப்பி வைக்கும் சுற்று தொடங்கும். அந்த நெம்புகோல் இறுகியிருந்தால் அதைத் தள்ளும் பலம் முழுக்கப் பள்ளத்தின் சுவரிலிருந்துதான் வரவேண்டும். சில சமயம் தள்ள முடியாமல் ஊசி கடைசி வட்டத்திலேயே மணிக்கணக்கில் சுற்றும். நெம்புகோல் உங்கள் மூச்சுக்கே அசையும் அளவு லேசாக இருக்க வேண்டும். தொடுமுனைகளை ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டால் உருவித் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள். முனையின் பூச்சு போய்விடும்.

பாட்டு இழுக்கிறது, குரல் கட்டையாகக் கேட்கிறது

ரெக்கார்டுக்குக் காயமில்லை என்றாலும் இதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் இதைச் சரிசெய்கிறேன் என்று பலர் டர்ன்டேபிளின் ரப்பர் சக்கரத்தை அதிகமாக அழுத்தி வைத்துவிடுகிறார்கள். அமெரிக்க இயந்திரம் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரத்துக்கு ஆனது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 230 வோல்ட்டை 117-க்கு இறக்கலாம், சைக்கிள் 50 ஆகவே இருக்கும். 45 வேகம் 37.5 ஆகிவிடும். மருந்து ஒன்றுதான்: 50 சைக்கிளுக்கான, பழையதைவிட ஐந்தில் ஒரு பங்கு பருத்த மோட்டார் புல்லி. ரப்பரை அழுத்தினால் மோட்டாரின் உறுமல்தான் ஒலியில் சேரும்.

திருப்பிச் செருகும்போது "டப்" சத்தம்

ரெக்கார்டு கூட்டுக்குள் வைக்கப்படவில்லை, போடப்படுகிறது. பிடிகை அறையின் அடிவரை போவதற்கு முன்பே தாடை திறக்கிறது. திறக்கும் கேமையோ நிறுத்த ஸ்க்ரூவையோ பாருங்கள். அதற்கு முன், மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் தொய்ந்துவிட்டனவா என்றும் பாருங்கள். மோட்டார் இரண்டு மில்லிமீட்டர் கீழே தொங்கினாலே இணைப்புகள் எல்லாம் கோணலாகும். சில இயந்திரங்களில் இந்த நாலு வளையங்களை மாற்றிய உடனேயே மேலே சொன்னவற்றில் மூன்று நோய்கள் காணாமல் போயிருக்கின்றன.

எல்லாம் முடிந்ததும் நாலு சோதனை ரெக்கார்டுகளை எதிரெதிர் அறைகளில் வைத்து, ஒரு மாலை முழுக்க ஓட விடுங்கள். பாட்டைக் கேட்காதீர்கள், மூடியைத் திறந்து வைத்து எடுப்பதையும் வைப்பதையும் மட்டும் பாருங்கள். மறுநாள் காலையில், ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இயந்திரத்தில் முதல் சுற்றையும் நின்று பாருங்கள். புதுக் கிரீஸ் கொஞ்சம் கெட்டியாக இருக்கும் அந்தச் சுற்றில்தான் விட்டுப்போன உரசல் ஏதாவது இருந்தால் சத்தம் கொடுக்கும்.